வேண்டாம் என்று சொல்ல ஃபூன் தீவுக்குப் போனேன்

1

நாகப்பட்டினத்து நண்பர் ஒருவர் தாம் நடத்தும் மாதப் பத்திரிகைக்கு என்னிடம் கட்டுரை கேட்டிருக்கிறார். "போன வருஷம் தாங்கள் டென்மார்க் தேசத்தில் ஃபூன் என்கிற பெரிய தீவைச் சுற்றிப் பார்த்து வந்தீர்களாமே, அதன் அருமை பெருமைகளை எழுதி அனுப்புங்கள்" என்கிறார். அருமை பெருமை உண்டென்று அவரே முடிவு கட்டிவிட்டார். போய்ப் பார்த்தவன் நான். எழுத மனமில்லாமல் கடிதத்தை ஓரமாக வைத்திருந்தேன்.

நேற்று இங்கே பினாங்கில் சூலியா தெருவுக்கு மளிகை வாங்கப் போனேன். கடைக்கார பாய் ஒரு வெண்ணெய் டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். டப்பாவின் மேல் ஒரு பசு, பசுவுக்குப் பின்னால் ஒரு கூரை வீடு, வீட்டு வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை.

"அண்ணே, நீங்க போயிட்டு வந்த ஊரு வெண்ணெய் லா. கொண்டு போங்க, நல்லாருக்கும்."

"எனக்கு வேணாம் பாய்."

"ஏண்ணே, அந்த ஊரு மேல கோவமா?"

நேரே வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். கோபம்தான். இல்லையென்று யார் சொன்னது?

2

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. பிறந்தது தரங்கம்பாடி. பிழைப்பது பினாங்கில், ஜார்ஜ் டவுன் துறைமுகத்தில், ஒரு கப்பல் ஏஜண்டு ஆபீஸில். இங்கே பேச்சை 'லா' போட்டு முடிப்பார்கள், குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். நான் பெரிய கிராணி. துரை மாறுவார், கிராணி மாறமாட்டான். அதனால் ஆபீஸ் நடக்கிறது.

தரங்கம்பாடிக்காரனுக்கு டென்மார்க் என்றாலே சின்ன வயதிலிருந்து ஓர் இளக்காரம் உண்டு. இங்கிலீஷ்காரன் வந்தான், இன்னும் இருக்கிறான். பிரெஞ்சுக்காரன் பக்கத்திலே காரைக்காலில் இன்னும் இருக்கிறான். இந்த டேனிஷ்காரன் மட்டும் கோட்டை கட்டி, தெருவுக்கு ராஜா வீதி என்று பெயர் வைத்து, கடைசியில் ஊரையே இங்கிலீஷ்காரனிடம் விற்றுவிட்டு மூட்டை கட்டினான். நாடு பிடிக்க வந்தவன் நஷ்டப்பட்டுக் கடையடைத்துப் போனதை எங்கள் ஊரில்தான் பார்க்கலாம். அவன் கோட்டைச் சுவரில் நாங்கள் கரிக்கட்டியால் கிரிக்கெட் ஸ்டம்பு வரைந்தோம். அப்படிப்பட்டவன் நாட்டை நான் போய்ப் பார்ப்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

போகவைத்தவன் என் பிள்ளை. ஒரே பிள்ளை, சேகரன். எடின்பரோவில் வைத்தியம் படித்தான். பட்டம் வாங்கிக்கொண்டு வந்து பினாங்கில் டாக்டராக உட்காருவது, புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் தாய்மாமன் மகளைக் கட்டிக்கொள்வது என்று ஏற்பாடு. ஏற்பாட்டைச் செய்தது நாங்கள். அவன் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை, படிப்பு முடிகிற சமயத்தில் ஒரு கடிதம் மட்டும் போட்டான். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் இங்கெர் என்கிற டேனிஷ் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறானாம். பெண்ணின் தாய் தகப்பன் ஃபூன் தீவில் பண்ணை வைத்திருக்கிறார்களாம். அப்பா ஒரு தடவை வந்து அவர்களைப் பார்த்தால் போதுமாம், பிறகு எல்லாம் சரியாகிவிடுமாம்.

என் மனைவி மீனாட்சி அழுது முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கடுதாசி போட்டா கேக்குற புள்ளையா அவன்? நீங்களே நேர்ல போங்க. வேணாம்னு மொகத்துக்கு நேரா சொல்லிட்டு, அவனைக் கையோட கூட்டியாந்துடுங்க. அந்த வீட்டுல மட்டும் கை நனைச்சுடாதீங்க."

இதை அவள் சொல்லவேண்டியதே இல்லை. சம்பந்தம் பேசி முடிகிற வரையில் பெண் வீட்டில் ஒரு வாய் சாப்பிடக்கூடாது என்பது நம் ஜனங்களில் யாருக்குத் தெரியாது? கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். நனைக்காமல் எழுந்தால், வாயைத் திறந்து மறுக்க வேண்டிய சங்கடமே இல்லை, மரியாதையாகத் திரும்பிவிடலாம்.

எங்கள் ஆபீஸ் ஒரு டேனிஷ் கப்பல் கம்பெனிக்கும் ஏஜண்டு. பல வருஷ சேவைக்காகப் போகவரக் கப்பலில் இடம் கொடுத்தார்கள். துரையிடம், "ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க ஆசை" என்றேன். ஊரெல்லாம் அப்படியே நம்பிற்று. தமிழர் சங்கத்தில் மாலை போட்டு அனுப்பினார்கள்.

3

கோபன்ஹேகன் துறைமுகத்தில் ஓர் உத்தியோகஸ்தன் என் பாஸ்போர்ட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். என்னையும் அப்படித் தூக்கிப் பிடிக்கலாமா என்று யோசிக்கிறவன் மாதிரி நின்றான்.

"எதற்காக வந்தீர்?"

"சுற்றிப் பார்க்க."

"இங்கே என்ன பார்க்கப் போகிறீர்?"

அது எவ்வளவு நியாயமான கேள்வி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பிறந்த ஊர் தரங்கம்பாடி என்றதும் பேனா நின்றுவிட்டது. அது எந்த நாட்டில் இருக்கிறது என்றான். "உங்கள் ராஜாவைக் கேளும். இருநூறு வருஷத்துக்கு மேல் அவர் வீட்டுச் சொத்தாக இருந்தது" என்றேன். அவன் இன்னொருவனைக் கூப்பிட்டான். அவன் மூன்றாமவனைக் கூப்பிட்டான். தேசப்படப் புஸ்தகம் வந்தது. கண்டுபிடித்ததும் மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டியவன் நான். விற்றவனுக்கு விற்ற ஊர் ஞாபகமில்லை.

அடுத்து என் பெட்டி. மீனாட்சி பிள்ளைக்கென்று முறுக்கு சுட்டுக் கொடுத்திருந்தாள். ஒருவன் ஒரு முறுக்கை உடைத்து உள்ளே பார்த்தான், மோந்தான், காதருகே வைத்து ஆட்டினான். பிறகு ஒரு காகிதத்தில் ஏதோ எழுதி முத்திரை குத்தினான். இத்தனை பரீட்சை எழுதித்தான் என் பிள்ளை டாக்டரானானோ என்னவோ.

வெளியே சேகரன் தொப்பியும் மேல்கோட்டுமாக நின்றான். ஆறு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறேன். ஓடிவந்தான், கிட்டே வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு நிமிஷம் தடுமாறி, கையை நீட்டினான். பெற்ற அப்பனிடம் கை குலுக்குகிறான்! நானும் குலுக்கினேன். துரையிடம் குலுக்கிப் பழக்கம்தான்.

பக்கத்தில் அந்தப் பெண் நின்றாள். வைக்கோல் நிறத் தலைமயிர். என் பிள்ளையைவிட ஒரு விரற்கடை உயரம். கையைக் கூப்பி, "வணக்கம் மாமா" என்றாள். யார் இவளுக்கு மாமா என்று நினைத்துக்கொண்டே வணக்கம் சொன்னேன்.

4

தீவுக்குப் போக ரயிலேறினோம். கடல் வந்ததும் ரயிலை அப்படியே கப்பலுக்குள் தள்ளிவிட்டார்கள். எங்கள் பினாங்குக்கு வர எதிர்க்கரையில் பிறை என்கிற ஊர் வரைக்கும் ரயில், அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஃபெர்ரி என்பது ஒழுங்கு. மனுஷன் இறங்கி ஏறினால் கால் தேய்ந்துவிடுமா? இவர்களுக்கு அந்தச் சிரமமும் ஆகாது. கப்பலுக்குள் ரயில், ரயிலுக்குள் நாங்கள், எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஃபூன் தீவைப் பற்றிச் சொல்லவேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தட்டை. மாவு தேய்த்த பலகை மாதிரி தட்டை. நடுநடுவே வேலி, வேலிக்குப் பின்னால் ஆப்பிள் மரம், மரத்துக்குப் பின்னால் பன்றி. பன்றிக்குச் செய்கிற உபசாரத்தைப் பார்த்தால் நம் ஊர் முனிசிபாலிட்டியார் வெட்கப்பட வேண்டும். நான் சைவன். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் மூக்கைப் பிடிக்கவேண்டியிருந்தது.

தெற்கே போனால் மலைகள் இருப்பதாகச் சேகரன் சொன்னான். "இந்த ஊருக்காரங்க இதை ஆல்ப்ஸுன்னு சொல்வாங்கப்பா" என்று ஒரு மோட்டார் வைத்துக் கூட்டிப் போனான். மோட்டார் நின்றது. இறங்கினேன். எங்கே மலை என்று கேட்டேன். "இதான்பா. நாம மேல நிக்கிறோம்" என்றான். பினாங்கில் எங்கள் கொடிமலைக்குத் தண்டவாளம் போட்டு ரயிலில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். இங்கே மூச்சு வாங்காமல் ஏறி, ஏறியதே தெரியாமல் நின்றிருக்கிறேன். அந்த மேட்டில் ஒரு பெஞ்சி போட்டு, அதில் ஒரு கிழவர் உட்கார்ந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அது இமயமலை.

தண்ணீருக்கு நடுவே ஒரு அரண்மனை காட்டினார்கள். சொந்தக்காரர்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் வெளியே நின்று பார்க்கவேண்டுமாம். பார்த்தேன். மாதா கோயில் ஒன்றில் உத்தரத்திலிருந்து பொம்மைக் கப்பல் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். கடலுக்குப் போகிறவர்கள் பத்திரமாகத் திரும்ப வேண்டி வைப்பதாம். கப்பல் ஆபீஸில் தலை நரைத்தவன் நான். அந்தக் கப்பலின் பாய்மரக் கயிறுகளை ஒன்றுவிடாமல் தப்பாகக் கட்டியிருந்தார்கள். அதை நம்பிக் கடலுக்குப் போனால் திரும்புவது எங்கே?

போகிற இடமெல்லாம் என் தலைப்பாகையைப் பார்க்க சைக்கிளை நிறுத்தினார்கள். அந்தத் தீவில் மனுஷருக்கு இரண்டு கால், ஒரு சைக்கிள். ஒருவன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய்ப் பால் வண்டியில் மோதினான். எனக்குப் பரம திருப்தி.

ஆனால் சேகரனைப் பார்க்கும்போது திருப்தி போய்விடும். தமிழில் பேச ஆரம்பிப்பான், பாதி வழியில் நிற்பான். "இந்த இடம் எனக்கு ரொம்ப... என்னா சொல்றது... மனசுக்கு... லவ்லி லா" என்பான். அவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறியிருக்கிறேன். மூச்சு விடாமல் பேசுவான். தேர் எப்போ வரும், காவடிக்காரருக்கு ஏன் வலிக்கல, சாமிக்குக் கால் வலிக்குமா என்று கேள்வி மேல் கேள்வி. அந்த வாய் இந்தத் தீவில் வார்த்தை தேடிக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இவனை இங்கிருந்து மீட்டுக்கொண்டு போகாவிட்டால் பிள்ளை இல்லாதவனாகத்தான் கப்பலேறுவேன் என்று தெரிந்துவிட்டது.

5

மறுநாள் பிற்பகல் பண்ணை வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் நீல்ஸ், தாயார் மாரென். நீல்ஸ் செங்கல் நிற முகமும் உலக்கை மாதிரிக் கையுமாக இருந்தார். இங்கிலீஷ் தெரியாது. அவர் பேசுவதை இங்கெர் சொல்லவேண்டும், நான் பேசுவதையும் அவளே சொல்லவேண்டும். பெண் பார்க்கிற இடத்தில் பெண்ணே தரகு.

மேஜையைப் பார்த்தேன். காப்பி என்றுதான் கூப்பிட்டார்கள். இருந்ததோ கல்யாணப் பந்தி. பன், ரொட்டி, பிஸ்கோத்து, பழம் வைத்த அடை என்று இடைவெளியில்லாமல் பரப்பியிருந்தார்கள். நடுவே அந்தத் தீவுக்கே உரிய பலகாரம் ஒன்று. பன் மாவைத் தட்டையாகச் சுட்டு, வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் உருக்கி மேலே ஊற்றிச் சதுரம் சதுரமாக வெட்டியது. வெந்த சர்க்கரை மணம் வீடெல்லாம் நிறைந்திருந்தது. காலையில் ஆப்பிளும் பாலும் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மாரென் அம்மாள் தட்டை நீட்டினாள். வேண்டாம் என்றேன். அடுத்த தட்டை நீட்டினாள். வேண்டாம். காப்பி? வேண்டாம். சமய வழக்கமா என்று இங்கெர் கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன். அந்த அம்மாள் எழுந்துபோய் ஏதோ பூவைப் போட்டுக் கொதிக்க வைத்த கஷாயம் கொண்டுவந்தாள். அதுவும் வேண்டாம். அவள் முகம் சின்னதாகிவிட்டது.

"அப்பா, ஒரு வாய் சாப்பிடுங்க லா. காலையிலேருந்து அவுங்க சுட்டுக்கிட்டிருக்காங்க" என்றான் சேகரன்.

நான் ஏன் சாப்பிடவில்லை என்பதுகூட இவனுக்கு மறந்துபோச்சு என்று நினைத்தேன். எதிரில் இருக்கிற டேனிஷ்காரருக்குப் புரியாதது சரி. என் வீட்டுப் பிள்ளைக்குமா?

சாப்பிடாமல் எவ்வளவு நேரம் சும்மா இருப்பது? நம் வழக்கப்படி விசாரித்தேன். நிலம் எவ்வளவு, சொந்தமா குத்தகையா, கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், குடும்பத்தில் யாருக்காவது சித்தப்பிரமை உண்டா? இங்கெர் சிவந்துபோய் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நீல்ஸ் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பதில் சொல்லச் சொல்ல அவர் கழுத்தும் சிவந்தது.

கடைசியில் மாரென் அம்மாள் மறுபடி அந்தச் சர்க்கரைப் பலகாரத்தை என் பக்கம் நகர்த்தினாள். நீல்ஸ் கையால் தட்டைத் தடுத்து, டேனிஷில் நீளமாக என்னவோ சொன்னார்.

"என்ன சொல்கிறார்?" என்றேன்.

"ஒன்றுமில்லை" என்றாள் இங்கெர்.

"சொல்லு. நான் அதற்காகத்தான் வந்திருக்கிறேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "அவரை வற்புறுத்த வேண்டாம் என்கிறார். இந்தக் கல்யாணம் நடக்கப்போவதில்லையாம். கோபன்ஹேகன்காரனுக்கே பெண் கொடுக்க மாட்டேன், கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவனுக்கா கொடுப்பேன் என்கிறார். என்ன குடும்பமோ, என்ன நிலமோ, யாருக்குத் தெரியும் என்கிறார்."

நான் என்ன செய்திருக்கவேண்டும்? எழுந்து, கும்பிட்டு, "ரொம்ப சந்தோஷம் ஐயா, நானும் அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்று பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருக்கவேண்டும். போன காரியம் பழுத்துத் தானாக மடியில் விழுந்திருக்கிறது. அதற்குத்தான் அத்தனை கடல் தாண்டினேன்.

ஆனால் என் காதில் விழுந்தது வேறு. என் பிள்ளை வேண்டாமாம்! எடின்பரோவில் பட்டம் வாங்கினவன், பினாங்கில் பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாம் என் வீட்டு வாசலுக்கு வந்து போகக் காரணமானவன், என் சேகரன் வேண்டாமாம். சொல்வது யார்? பன்றிக்கு மெத்தை போடுகிறவன். மேட்டைப் பார்த்து மலை என்கிறவன். எங்கள் ஊரையே கட்டிக் காக்கத் துப்பில்லாமல் விற்றுவிட்டு வந்தவன் வம்சம். வேண்டாம் என்று சொல்ல வந்தவன் நான். எனக்கு முந்திக்கொண்டு இவன் சொல்வதா?

"என் பிள்ளைக்கு என்ன குறை என்று கேள்" என்றேன் இங்கெரிடம். அவள் கேட்கவில்லை. அழுதுகொண்டிருந்தாள்.

தட்டை என் பக்கம் இழுத்தேன். முள்ளும் கத்தியும் கிடந்தன, அவற்றைத் தொடவில்லை. வலது கையால் அந்தச் சதுரத்தை எடுத்து நீல்ஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயில் போட்டேன். சர்க்கரைப் பாகு விரலெல்லாம் ஒட்டியது. முட்டை உண்டா இல்லையா என்று கேட்கவில்லை. இன்னொன்றை எடுத்துப் போட்டேன். காப்பியை இழுத்துக் குடித்தேன். உன் வீட்டில் கை நனைத்துவிட்டேன், இனி நீ எனக்குச் சம்பந்தி, உன்னால் ஆனதைப் பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. சேகரன் எழுந்துவிட்டான். அவன் முகம் எப்படியோ ஆகியிருந்தது. மேஜையைச் சுற்றி வந்து, மேல்கோட்டும் டையுமாக, அந்தப் பலகைத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தான்.

மயக்கம் போட்டுவிட்டான் என்று மாரென் அம்மாள் கத்தினாள். நீல்ஸ் பதறி எழுந்தார். இங்கெர் மட்டும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவனுக்கு மறக்கவில்லை. நான் முதல் தட்டை மறுத்த போதே அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் ஒரு வாய் சாப்பிடுங்க என்று கேட்டிருக்கிறான்.

என் பிள்ளை என் பிள்ளையாகத்தான் இருக்கிறான் என்று எனக்குப் புரிந்தபோது அவனை அந்த வீட்டுக்குக் கொடுத்து முடித்திருந்தேன்.

6

பனிக்காலத்தில் எடின்பரோவில் ரிஜிஸ்தர் கல்யாணம் நடந்தது. நீல்ஸ் கடைசி வரையில் முறைத்துக்கொண்டே வந்து நின்றாராம். அங்கேயே ஒரு சின்ன ஊரில் சேகரனுக்கு உத்தியோகம். பினாங்குக்கு வருவதாக எழுதுகிறான். எப்போது என்று எழுதுவதில்லை. ஃபூன் தீவின் அருமை பெருமை இவ்வளவுதான்.

மீனாட்சி நான் திரும்பிய நாளிலிருந்து அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கை நனைச்சிட்டேன் என்று வாசலில் சொன்னேன், அதோடு சரி. பெண் கொடுக்கக் காத்திருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்த் தலைகுனிந்து நின்றவள் அவள். பிள்ளையின் கடிதங்களை நான் படித்தால் கேட்பாள். பதிலில் அவள் பெயரைப் போடக்கூடாது என்பாள்.

இன்று மத்தியானம் நான் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்னா எழுதுறீங்க? படிங்க பாப்போம்."

படித்தேன். மலை என்கிற மேட்டைப் படித்தபோது சிரித்தாள். கை குலுக்கினதைப் படித்தபோது சிரிக்கவில்லை. சேகரன் காலில் விழுந்த இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வுழுந்தான்ல? என்னா சொல்லி ஆசீர்வாதம் பண்ணீங்க?"

நான் யோசித்தேன். யோசிக்க ஒன்றுமில்லை. "வாய் நெறைய ரொட்டி இருந்துச்சு. ஒண்ணும் சொல்லலை. தோளைத் தொட்டுத் தூக்கிவிட்டேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுதமுடியாது. அந்தத் தீவை நான் பார்த்ததைவிடக் கேவலமாகப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லலையா? பெத்தவன் நல்லாருன்னு சொல்லாம புள்ளை எப்படி எந்திரிப்பான்? அப்ப இந்த ஒரு வருசமா எம்புள்ளை அங்கேயே, அந்தத் தரையிலதான் வுழுந்து கெடக்குறான்."

எழுந்து கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்தாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி உரக்கச் சொன்னாள்.

"நல்லாருடா ராசா. ரெண்டு பேரும் நல்லாருங்க. எந்திரி."